சுண்ணாம்பு படாத பலகை

பொதி கட்டுகிற வேலையில் எனக்குக் கெட்ட பெயர் உண்டு. பொதி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வலைச் செயலியை, அது ஓடுவதற்கு வேண்டியதையெல்லாம் குறித்து ஒன்றாகக் கட்டி, லினக்ஸ் உள்ள எந்தக் கணினியிலும் ஒரே கட்டளையில் இறக்கி வைக்கும்படி செய்வது. இளம் பிள்ளைகள் கட்டிக்கொண்டு வருவதைப் பிரித்துப் பார்ப்பேன். நிரலும் தரவும் ஒரே ஃபோல்டரில் கிடந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன். "ஓடுதுல்ல அக்கா, அப்புறம் என்னா?" என்று கேட்டால் எனக்குச் சுர்ரென்று ஏறும். கத்திவிடுவேன். நான் நகர்ந்ததும் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நான் இரண்டு முறை செய்த தவற்றை அவர்கள் ஒருமுறைகூடச் செய்ய வேண்டாம்.

முதல் முறை செய்தபோது எனக்குப் பத்து வயது. கணினி என்ற சொல்லே எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. கையில் இருந்தது சுண்ணாம்பு பிரஷ்.

எழுபதுகளில், மலேசியாவில், லிங்கிப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் அப்பா கட்டட வேலை பார்த்தார். தகரம் ஓட்டையானால் அடைப்பார். கக்கூஸ் கதவு கழன்றால் மாட்டுவார். தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகள் அத்தனைக்கும் சுண்ணாம்பு அடிப்பார். வீடு கம்பெனியுடையது. பலகைச் சுவர், கூரை, படி, சுண்ணாம்பு எல்லாமே கம்பெனியுடையவை. உள்ளே இருந்த அடுப்பும் பாயும் சாமி படமும் பிள்ளைகளும்தான் எங்களுடையவை.

ஆனால் கம்பெனிச் சுவரில் எங்களுடைய இடம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் முன்கதவுக்குப் பின்னால், நெஞ்சு உயரத்தில், இரண்டு பலகை அகலத்துக்கு ஒரு கட்டம். அந்த வீட்டுக்குக் குடிவந்த நாள், பிள்ளை பிறந்த நாள், பெரியவர் செத்த நாள் எல்லாம் அதில் எழுதியிருக்கும். சிலர் பென்சிலால் எழுதினார்கள், சிலர் குச்சியைத் தாரில் தோய்த்து எழுதினார்கள். தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணியின் ஆபீஸ் புத்தகத்தில் பெயரும் தேதியும் கிராணிக்குத் தோன்றியபடி ஏறும். அதனால் எங்கள் ஆட்கள் நம்பியது கதவுக்குப் பின்னால் இருந்ததைத்தான். அப்பாவுக்கு எண் தெரியும், எழுத்துத் தெரியாது. ஆனாலும் அந்தக் கட்டத்துக்கு வந்ததும் பெரிய பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுச் சின்னதை எடுப்பார். சுற்றி மட்டும் அடிப்பார். வருடா வருடம் சுற்றிலும் சுண்ணாம்பு ஏறி ஏறி, கட்டம் மட்டும் பள்ளமாக, பழைய மரத்தின் பழுப்பு நிறத்தில் நிற்கும். கம்பெனி அப்படிச் செய்யச் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டுக்கு எப்போதும் கடைசியில்தான் அடிப்பார். "ஊருக்கெல்லாம் புதுச் சுண்ணாம்பு, நமக்கு மட்டும் டின்ன வழிச்ச தண்ணி" என்று அம்மா வருடம் தவறாமல் சொல்வார். அந்த வருடம் கிராணி வீட்டுப் பெண் ஒருத்தி, என் வகுப்புக்காரி, தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். வீடு முழுக்க வெள்ளையாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரே பரபரப்பு. அப்பா தேநீர் குடிக்க எழுந்து போன நேரத்தில் பெரிய பிரஷ்ஷை எடுத்தேன். கதவுக்குப் பின்னால் அழுக்காக, பழுப்பாக ஓர் இடம் இருந்தது. நான்கு இழுப்பில் வெள்ளையாக்கிவிட்டேன். தள்ளி நின்று பார்த்துப் பெருமைகூடப் பட்டேன்.

அம்மா பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்துவிட்டு வந்தார். வாளியை வைத்தார். கதவைத் தள்ளிப் பார்த்தார். அந்தக் கட்டத்தில் அம்மாவின் பென்சில் எழுத்தில் மூன்று வரிகள் இருந்தன. அவர்கள் குடிவந்த நாள், நான் பிறந்த நாள், எனக்குப் பிறகு பிறந்து பதினோரு நாள் மட்டும் இருந்த என் தம்பியின் பெயரும் நாளும். தம்பிக்குப் பிறப்புச் சூராட் எடுக்கவில்லை, படமும் எடுக்கவில்லை. உலகத்தில் அவன் பெயர் எழுதியிருந்த ஒரே இடம் அது. அம்மா முந்தானையை நனைத்துத் துடைத்தார். சுண்ணாம்போடு பென்சிலும் சேர்ந்து வந்துவிட்டது.

என்னை அடித்திருந்தால் தேவலை. அடிக்கவில்லை. அப்பா வந்து பார்த்துவிட்டு, "பிரஷ்ஷ நான் தூக்கி வச்சிட்டுப் போயிருக்கணும்" என்றார். அதோடு சரி. சில நாள் கழித்து நான் பென்சிலைக் கொண்டுபோய், "மறுபடியும் எழுதும்மா" என்று நீட்டினேன். "இருக்கிற புள்ளைக்கு என்னாத்துக்கு எழுதணும்? கண்ணு முன்னாலதான நிக்கிற" என்றார். இன்னொரு பிள்ளையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் மட்டும் முழு வெள்ளை.

இரண்டாவது தவறு தொண்ணூறுகளின் கடைசியில். அப்போது நான் செரம்பானில் ஒரு சின்னக் கணினி நிறுவனத்தில் வேலை பார்த்தேன். அம்மாவும் அப்பாவும் லயத்திலேயே இருந்தார்கள். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றுவிட்டதாகச் செய்தி வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் தோட்டம் ஒருமுறை கைமாறியிருந்தது. அதற்கு முன்னால் லயத்துக்கு வந்த குடும்பங்களுக்கு மட்டும் மலிவு வீடு, பின்னால் வந்தவர்களுக்குக் கிடையாது என்றது கம்பெனி. யார் எப்போது வந்தார்கள் என்று ஆட்களே பட்டியல் கொடுக்க வேண்டும். கிராணி ஆபீஸ் புத்தகங்கள் கறையானுக்குப் போய் ரொம்ப நாள் ஆகியிருந்தது. "ஒரு வரி பொய்யின்னு தெரிஞ்சாலும் மொத்த லிஸ்டும் குப்பைக்குத்தான்" என்று கூட்டத்தில் ஓர் அதிகாரி சொல்லிவிட்டுப் போனார்.

கோயில் கமிட்டித் தலைவர் லாரி ஓட்டுகிறவர். எங்கள் எல்லோருக்கும் லாரி அண்ணன். அவர்தான் என்னைப் பிடித்தார். "தங்கச்சி, நீ கம்ப்யூட்டர்லதான வேல பாக்குற? நமக்கு ஒண்ணு செஞ்சு குடு லா. நோட்டுல எழுதினா நாளைக்கே எவனாச்சும் கிழிச்சிடுவான்."

எங்கள் நிறுவனத்தில் கழித்துப்போட்ட இரண்டு கணினிகளைக் கேட்டு வாங்கினேன். ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து லினக்ஸைப் போட்டேன். இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்துக் கோயில் மண்டபத்து மூலையில் வைத்தேன். ஒன்றில் செயலி ஓடும், மற்றதில் உலாவியைத் திறந்து இரண்டாவது ஆள் தட்டச்சு செய்யலாம். வீட்டு எண், குடும்பத் தலைவர், வந்த தேதி, அது எழுதியிருந்ததைப் பார்த்த இரண்டு சாட்சிகள். நான் வார இறுதிகளில் வீடு வீடாகப் போய்க் கதவுக்குப் பின்னால் டார்ச் அடித்து வாசித்து வந்து ஏற்றுவேன். மற்ற நாளில் லாரி அண்ணன் ஒற்றை விரலால் தட்டுவார். ஓர் எழுத்துக்கு ஒரு பெருமூச்சு விடுவார்.

செய்தி பரவியது. கோலா சாவாவில் ஒரு தோட்டம், கோலா கிளாவாங்கில் ஒரு தோட்டம், அங்கேயும் இதே தலைவலி, எங்களுக்கும் அதையே கொடுங்கள் என்றார்கள். ஒவ்வோர் ஊருக்கும் பஸ் ஏறிப்போய்க் கையால் நகல் எடுத்து வைக்க என்னால் ஆகாது. சரி, பொதியாகக் கட்டி ஃப்ளாப்பியில் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கற்றுக்கொடுக்க ஆள் கிடையாது. சிடியில் இருந்த உதவிக் கோப்புகளை மதிய உணவு நேரத்தில் படித்தேன். பாதி புரிந்தது. புரிந்த பாதியை வைத்துக்கொண்டே பெரிய மேதாவி மாதிரி கட்ட ஆரம்பித்தேன்.

என் முதல் பொதி கோலா சாவாவில் இறங்கிய அன்றே ஏச்சு வாங்கித் தந்தது. அங்கே ஒரு வாலிபர் தீமிதித் திருவிழாவுக்கு ஆசை ஆசையாய் ஒரு வலைப்பக்கம் செய்து வைத்திருந்தார். என் பொதி, பக்கங்களை எடுத்துக் கொடுக்கிற வலைப் பரிமாறியின் அமைப்புக் கோப்பையே எடுத்து வீசிவிட்டுத் தன்னுடையதை வைத்துவிட்டது. "உங்க சாமான வைக்க எங்க சாமானத் தூக்கிப் போடுவீங்களா?" என்று போனில் ஒரு பிடி பிடித்தார். நியாயம்தான். அடுத்தவருடைய கோப்பில் கை வைக்காமல், கூடுதல் அமைப்புகளுக்கென்று அது ஒதுக்கியிருக்கும் இடத்தில் நம்முடைய சின்னக் கோப்பு ஒன்றை வைத்தால் போதும் என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. கடவுச்சொல்லையும் மூன்று ஊருக்கும் ஒன்றாகவே பொதிக்குள் வைத்து அனுப்பியிருந்தேன். ஊர் முழுக்க ஒரே சாவி. லினக்ஸிலேயே இருந்த நிரல் நூலகங்கள் போதாதென்று, நான் தனியாக ஒரு பிரதி சுமந்துகொண்டு போய் அது பழையதாகிப் பல்லிளித்தது. இதையெல்லாம் ஒவ்வொன்றாய்த் திருத்தினேன். திருத்தாமல் விட்டது ஒன்றை மட்டும்தான்.

அது தகரப் பெட்டிப் பழக்கம். எங்கள் லயத்தில் எந்த வீட்டிலும் கட்டிலுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி இருக்கும். ஐசி என்கிற அடையாள அட்டை, சூராட், கல்யாணப் புடவை, தோடு, கடைசி சம்பளத் துண்டு, பிள்ளையின் பள்ளிக்கூட ரிப்போர்ட், எல்லாம் அதற்குள்தான். கம்பெனி வேறு லயத்துக்கு மாற்றினாலும், ஆற்றில் தண்ணீர் ஏறினாலும், ஒரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால்தான் பத்திரம் என்று ஊறிப்போன ஆட்கள் நாங்கள். நானும் அப்படித்தான் கட்டினேன். நிரல், அமைப்பு, குடும்பங்களின் பட்டியல், எல்லாம் ஒரே ஃபோல்டர். அதைவிடக் கூத்து, பட்டியலுக்கு ஒரு காப்பு நகல் வேண்டும் என்று யோசித்துச் செய்தும் வைத்தேன். அதுவும் அதே ஃபோல்டருக்குள்.

கோலா சாவாக்காரர்கள் இன்னொரு கட்டம் கேட்டார்கள்: அந்த வீட்டில் பிறந்த பிள்ளைகளின் பெயரும் தேதியும். அதைச் சேர்த்து இரண்டாம் பதிப்பைக் கட்டினேன். பழைய கோப்பு எதுவும் மிச்சமிருந்து குழப்பக் கூடாது என்று, இறங்கும் முன் பழைய ஃபோல்டரைத் துடைத்துவிடும்படி நானே என் கையால் எழுதினேன். பட்டியல் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதற்கு முந்தைய ஞாயிறு காலை, லாரி அண்ணன் பக்கத்தில் நிற்க, எங்கள் மண்டபத்துக் கணினியில் முதலில் போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பக்கத்தைத் திறந்தேன். அழகான புதிய தலைப்பு. அதற்குக் கீழே, குடும்பங்கள்: 0.

"எங்க தங்கச்சி எல்லாரும்?"

"வருவாங்கண்ணே, கொஞ்சம் இருங்க" என்றேன். ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். காப்பு நகலைத் தேடினேன். எழுபத்தாறு வீடு. சுத்தமாகத் துடைத்து வெள்ளையாக்கியிருந்தேன்.

லாரி அண்ணன் கத்தவில்லை. மண்டபத்து வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். "மூணு வாரம் ஒத்த வெரல்ல அடிச்சேன் தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

திங்கள் முதல் லீவு போட்டேன். முதல் வாரம் நான் செரம்பானுக்குக் கொண்டுபோய் அச்சடித்து வைத்த தாளில் முப்பது வீடு இருந்தது. மற்றவற்றுக்கு மறுபடியும் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு கதவு கதவாக ஏறி இறங்கினேன். "என்னா புள்ள, போன மாசந்தான வந்து படிச்ச, மறந்துபோச்சா?" என்று கேட்டார்கள். "ஆமா லா, மறந்துபோச்சு" என்றேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. புதன்கிழமை மதியத்துக்குள் எல்லாம் வந்துவிட்டது, நாலாம் லயம் தவிர.

நாலாம் லயத்தை இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே பாதை போட உடைத்துவிட்டார்கள். அங்கே எட்டு வீடு. ஏழு பேரிடம் ஏதோ ஒரு தாள் இருந்தது. எட்டாவது வீடு அத்தையுடையது. எனக்கு உறவில்லை, தோட்டத்துக்கே அவர் அத்தை. புருஷன் செத்துப்போய், பிள்ளைகள் கல்யாணமாகிப் போய், இரண்டாம் லயத்தில் காலியாகக் கிடந்த வீட்டில் தற்காலிகமாக இருந்தார். அவருடைய தகரப் பெட்டி ஒரு வெள்ளத்தில் போய்விட்டது. அவர் வந்தது தோட்டம் கைமாறுவதற்கு முன்னாலா பின்னாலா என்பதில் லயத்துக்குள்ளேயே இரண்டு கட்சி. அவர் புருஷன் தாரால் எழுதி வைத்த தேதிதான் ஒரே ஆதாரம். வீட்டை உடைப்பதற்கு முந்தின நாள் நான் போய் அதை வாசித்து ஏற்றியிருந்தேன்.

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குப் படிக்கத் தெரியாதுமா. கூட வந்த ரெண்டு சாட்சியும் நீ வாசிச்சதக் கேட்டுத்தான் தலையாட்டினாங்க. நீதான பாத்த. என்னா வருசம்னு நீதான் சொல்லணும்."

எனக்கு ஞாபகம் இல்லை. எழுபத்தாறு தேதிகளில் அது ஒன்று. மண்டையை உடைத்துக்கொண்டேன். வரவில்லை. லாரி அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "முன்னால உள்ள வருசம் ஒண்ணப் போட்டு விட்டுடு, பாவம்" என்றார். "தப்பாப் போச்சுன்னா எழுபத்தாறு வீட்டுக்கும் வீடு போயிடும்ணே, உங்க வீடும்தான்" என்று எரிந்து விழுந்தேன். கோபம் அவர்மேல் இல்லை. அத்தைக்கு எழுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. வீடு கிடைக்கவில்லையென்றால் மகளின் மாமியார் வீட்டில் போய் ஒண்ட வேண்டும். அதற்குக் காரணம் நானாக இருப்பேன்.

வீட்டுக்குப் போனேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"பலக எங்க போச்சு?"

"அதான் ஒடச்சிட்டாங்களே அப்பா!"

"ஒடச்சது எனக்குத் தெரியும். எங்க போச்சுன்னு கேட்டேன்."

கையைக் கழுவிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். நான் பின்னாலேயே ஓடினேன். ரப்பர் ஸ்டோருக்குப் பின்னால் பலகைகளை மலையாகக் குவித்திருந்தார்கள். செங்கல் சூளைக்கு விறகாக விற்றாகிவிட்டது. லாரி ஒன்று பாதி நிறைந்து நின்றது, இரண்டு பேர் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "துங்கு! துங்கு டுலு!" என்று மலாயில் பொறுக்கச் சொல்லி, அப்பா கையை ஆட்டிக்கொண்டு லாரிக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. அவர்கள் பயந்துபோய் நிறுத்தினார்கள். விஷயத்தைச் சொன்னதும், "அரை மணி நேரம்தான் பாக்சிக்" என்று அப்பாவிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு நிழலில் போய் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தார்கள்.

எட்டு வீட்டுப் பலகைகள். நான் ஒவ்வொன்றாகப் புரட்ட ஆரம்பித்தேன். அப்பா புரட்டவில்லை. தள்ளி நின்று குவியலையே பார்த்தார். எல்லாம் வெள்ளை. இருபது, முப்பது வருடத்துச் சுண்ணாம்பு. அந்த வெள்ளைக்குள் அங்கங்கே கை அகலத்துக்குப் பழுப்பு. அவர் விட்ட இடங்கள். அதை மட்டும் உருவி உருவி எடுத்தார். வேறு வீட்டுப் பலகைகள் வந்தன. நாலாவதோ ஐந்தாவதோ, தார் எழுத்து. "குடிவந்தது" என்று தொடங்கி, நாளும் மாதமும் இருந்தன. அதோடு பலகை முடிந்துவிட்டது. வருடம் பக்கத்துப் பலகையில்.

பக்கத்துப் பலகை குவியலில் இல்லை. அப்பா லாரியில் ஏறினார். அறுபது வயது ஆள். கீழே இறங்குங்கள் என்று நான் கத்தினால் காதில் வாங்கினால்தானே. மேலே இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே தள்ளினார். சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் எழுந்து வந்து அவரும் ஏறித் தள்ளினார். அடியில் இருந்து ஒரு பலகையை அப்பா இரண்டு கையாலும் தூக்கி எனக்கு நீட்டினார். முதல் பலகைக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டின் ஓரத்திலும் சுண்ணாம்பு விளிம்பு சரியாகப் பொருந்தி ஒரு கட்டமானது. தார் எழுத்தில் வருடம். தோட்டம் கைமாறியதற்கு முந்தைய வருடம்.

மண்ணிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன். அப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏன் புள்ள, ஒன் கம்ப்யூட்டர்ல இப்பிடிச் சுத்தி அடிக்கத் தெரியாதா?"

"தெரியும் லா!" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"தெரிஞ்சா செய்ய வேண்டியதுதான" என்றார். பலகைகளைச் சைக்கிளில் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

அத்தை அந்தப் பலகைகளைத் தடவித் தடவிப் பார்த்தார். என்னைத் திட்டவே இல்லை. புது வீட்டுக்கு அந்த இரண்டு பலகைகளையும் தூக்கிக்கொண்டுதான் போனார். கதவுக்குப் பின்னால் ஆணி அடித்து மாட்டியிருந்ததைப் பிற்பாடு போய்ப் பார்த்தேன்.

புதன் மாலையும் வியாழன் காலையும் மண்டபத்தில் உட்கார்ந்து பொதியைப் பிரித்துக் கட்டினேன். இந்தத் தடவை வீடு வேறு, வீட்டுச் சாமான் வேறு. நிரல் மட்டும் பொதியுடையது, அது வரலாம், போகலாம், மாறலாம். அந்தந்த ஊர் அமைப்புகள் அமைப்புகளுக்கென்று லினக்ஸ் வைத்திருக்கும் தனி ஃபோல்டரில். அங்கே யாராவது கைப்படத் திருத்தியிருந்தால் புதிய பதிப்பு அதைத் தொடாது, தன் கோப்பை வேறு பெயரில் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடும். குடும்பங்களின் பட்டியல் இன்னொரு தனி இடத்தில், பொதி அதைத் தன்னுடையது என்று பட்டியல் போடவே கூடாது. செயலியை அடியோடு நீக்கினாலும் பட்டியல் அங்கேயே இருக்கும். வேண்டாமென்றால் அந்த ஊர்க்காரர் தன் கையால் அழிக்கட்டும். வலைக்கு முகம் காட்டி ஓடுகிற நிரலுக்குத் தன் நிரலையே திருத்துகிற உரிமை கிடையாது, பட்டியலில் எழுத மட்டும்தான் அனுமதி. கடவுச்சொல் பொதிக்குள் வராது, இறங்கும்போது அந்தந்த ஊரில் போட்டுக்கொள்ள வேண்டியது. காப்பு நகல் ஃப்ளாப்பியில், ஃப்ளாப்பி லாரி அண்ணனின் லாரியில். பிறகு பொய்யாக நான்கு குடும்பங்களை ஏற்றி, செயலியைப் போட்டு, அடுத்த பதிப்புக்கு உயர்த்தி, நீக்கி, மறுபடி போட்டு, ஒவ்வொரு தடவையும் அந்த நான்கு பேரும் இருக்கிறார்களா என்று எண்ணிப் பார்த்தேன். எத்தனை தடவை என்று கேட்காதீர்கள். லாரி அண்ணன் கும்பிடு போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

எழுபத்தைந்து வீடும் உண்மையாக ஏறின. கடைசி வீடு எங்களுடையது. அப்பாவுக்கு வேலை அட்டை இருந்ததால் தேதிக்குக் கவலையில்லை. வியாழன் மதியம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்த அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். வீட்டு எண், அப்பா பெயர், குடிவந்த நாள், எல்லாம் தட்டினேன். புதிய கட்டம் வந்தது: இந்த வீட்டில் பிறந்த பிள்ளைகள். என் பெயரைத் தட்டிவிட்டு அடுத்ததுக்குப் போகப் பார்த்தேன்.

"ரெண்டு" என்றார் அம்மா.

என் விரல் நின்றுவிட்டது. அவர் திரையைப் பார்த்தபடியே தம்பியின் பெயரைச் சொன்னார், பிறந்த தேதியைச் சொன்னார், பதினோராவது நாளின் தேதியையும் சொன்னார். பத்து வயதுவரை தினமும் கதவைச் சாத்தும்போதெல்லாம் நான் பார்த்த பெயர் அது. நான் அழித்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. எழுத்துக்கூட்டித் தட்டினேன். சேமித்தேன்.

"இது அழியுமா?"

"அழியாதும்மா."

"போன வாரங்கூட அழியாதுன்னுதான சொன்னியாம்."

லாரி அண்ணன் போட்டுக்கொடுத்திருக்கிறார். "இங்க பாரும்மா" என்று அவர் கண் முன்னாலேயே செயலியை நீக்கினேன். பக்கம் இல்லை என்று திரை சொன்னது. அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. மறுபடி போட்டேன். திறந்தேன். எங்கள் வீடு இருந்தது. அதில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னொரு தடவ செய்யி, பாப்போம்" என்றார்.

செய்தேன். அதற்குப் பிறகும் ஒரு தடவை செய்யச் சொன்னார். மூன்று தடவையும் தம்பி அங்கேயே இருந்தான்.